வாசல் இல்லாதவனுக்கு மின்சாரக் கார் எதற்கு?

மின்சாரக் கார் நாட்டுக்கு நல்லது என்கிறார்கள். நாம் மறுக்கவில்லை. புகை குறையட்டும், எண்ணெய்ச் செலவும் குறையட்டும். ஆனால் அந்த நன்மை எவர் வாசலில் வந்து நிற்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இந்தக் காரின் ஆதாயமெல்லாம் வீட்டில்தான். சுவரில் பொருத்திய 7 கிலோவாட் கருவியில் இரவு மாட்டிவிட்டால், விடிந்ததும் ஓட்டலாம். யூனிட்டுக்கு ஏறத்தாழ அரை வெள்ளி செலவு. வீட்டில் வசதியற்றவன் நெடுஞ்சாலை ஓரத்து வேகக் கருவியைத் தேடி ஓட வேண்டும். அங்கே யூனிட் ஒரு வெள்ளிக்கு மேல்! வாசல் உள்ளவனுக்கு மலிவு, இல்லாதவனுக்கு இரட்டிப்பு. இது எந்த ஊர் நியாயம்?

சுங்கை பாக்காப் வட்டாரத்தைப் பாருங்கள். பக்கத்துப் பத்து காவானில் தோட்டம் இருந்த இடத்தில் இன்று தொழிற்பேட்டை. தோட்டத்தை விட்டு வந்த நம்மவர் பலருக்கு மலிவுவிலை அடுக்குமாடியே கதி. நான்காம் மாடியில் வீடு, கீழே பொது நிறுத்துமிடம். மாடியிலிருந்து கம்பியைத் தொங்கவிட முடியுமா? தோட்டத்தில் இருப்பவருக்கோ லயம் நிர்வாகத்தின் சொத்து. சுவரில் கருவி பொருத்த யாரைக் கேட்பது?

சர்க்கார் என்ன செய்தது? மின்னேற்றும் கருவிச் செலவுக்கு 2,500 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு தந்தது. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்குபவர் வருமான வரியே கட்டுவதில்லை. இல்லாத வரியில் எதைக் கழிப்பது? 2022 முதல் 2025 முடிய இறக்குமதி மின்சாரக் கார்களுக்குச் சுங்கவரி விலக்கும் தந்தது. அந்தக் கார்களின் விலை 100,000 வெள்ளிக்குக் குறையக் கூடாது என்றும் விதித்தது. நமது தொழிலாளி ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் ஏறத்தாழ 5 ஆண்டுச் சம்பளம்!

2025க்குள் பொது இடங்களில் 10,000 மின்னேற்று முனைகள் என்று முழங்கினார்கள். 2025 மார்ச் முடிவில் பாதிகூட எழவில்லை. எழுந்தவையும் பேரங்காடிகளையும் நெடுஞ்சாலை ஓய்விடங்களையும் தேடிப் போயின.

"நமக்கு மோட்டார் சைக்கிள்தானே, கார்க் கதை எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். மின்சார மோட்டார் சைக்கிளும் வந்துவிட்டது. 2024 பட்ஜெட்டில் அதற்கு 2,400 வெள்ளி தள்ளுபடியும் அறிவித்தார்கள். அதற்கும் மின்னேற்ற இடம் வேண்டாமா? பெட்ரோல் மானியம் என்றென்றும் நிற்கும் என்று எவரும் நமக்கு எழுதிக் கொடுக்கவில்லை. மானியம் போன பிறகு விழித்து என்ன பயன்?

நாம் பிச்சை கேட்கவில்லை. மலிவுவிலை அடுக்குமாடி ஒவ்வொன்றிலும் மின்னேற்று முனை வேண்டும். அங்கே கட்டணம் வீட்டுக் கட்டணமாகவே இருக்க வேண்டும். தொழிலாளர் குடியிருப்புக்கு மின்சாரம் தர வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளியைப் பணிக்கிறது. அந்தக் கடமையில் இதையும் சேர்க்க வேண்டும்.

லயத்தில் விளக்கு எரியவும் அன்று நாம் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. இன்றும் வாய் திறவாதவனுக்கு வரிசையின் கடைசி இடந்தான். கேட்போம், தோழர்களே! ஒன்றுபட்டுக் கேட்போம்!