பிறந்த இடம் ஒரு தகுதியா?



வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதற்கான 120 மணிநேர இணையவழிப் பயிற்சியை முடித்திருக்கிறேன். அம்மையின் கம்மல் அடகுக்குப் போனது. தெருச்சத்தம் அடங்கின பிறகு திண்ணையில் செல்லை வைத்துப் படித்தேன். "மக்கா, பி.எட். படிச்சாச்சி, இன்னும் என்னத்தப் படிக்க?" என்றாள் அம்மை. சான்றிதழ் வந்தது. வேலை தேடும்போதுதான் பழைய ஆள் எதிரே வந்து நின்றான்: பிறப்பு.

தென்கொரியாவின் ஈ-2 ஆசிரியர் விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற 7 நாட்டாருக்குத்தான். எப்படிச் சொல்லிக்கொடுக்கிறாய் என்பதல்ல, எங்கே பிறந்தாய் என்பதே முதல் கேள்வி. தாய்மொழியாளனே சிறந்த ஆசிரியன் என்பது பொய் என்று ராபர்ட் பிலிப்சன் 1992லேயே எழுதினார். நமக்கு இது புத்தகம் படித்துத் தெரியவேண்டிய சங்கதியா?

பட்டம் மட்டும் சாதியைக் கரைக்காது என்பதற்கும் சாட்சி உண்டு. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அம்பேத்கர் 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். கூட வேலைபார்த்தவர்கள் அவர் பொதுத் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது என்றார்கள். கடல் தாண்டினாலும் சாதி கூடவே வருகிறது. அதனால்தான் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இல் தன் பாகுபாட்டுத் தடை விதியில் சாதியையும் சேர்க்க வேண்டிவந்தது.

அப்போ போகவேண்டாமா? போகணும். மயிலாடியின் மகராசன் வேதமாணிக்கம் நம்மில் ஒருவர். தஞ்சாவூர்வரை போய், மிஷனரியை ஊருக்கு அழைத்தவர். 1806இல் ரிங்கல்தௌபே வந்தார். 1809இல் மயிலாடியில் பள்ளிக்கூடம் வந்தது. வெளியே போன ஒருத்தர் தெருவுக்கே வாசல் திறந்தார்.

ஆனால் காகிதத்துக்குக் காசு கட்டாதீர்கள். கேம்பிரிட்ஜின் செல்ட்டா பயிற்சியில், நிஜ மாணவர் முன் 6 மணிநேரம் பாடம் நடத்தி மதிப்பீடு பெற்றாகவேண்டும். நான் கட்டின பயிற்சியில் ஒரு பிள்ளை முன்னால்கூட நிற்கச் சொல்லவில்லை. பணம் கட்டுமுன் இதை விசாரியுங்கள். தாட்கோ நம் மாணவர்களுக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். பயிற்சி தருகிறது. செய்முறை வகுப்போடு கூடிய ஆசிரியர் பயிற்சியையும் அதே வழியில் தரவேண்டும் என்று கேட்போம். கம்மல் அடகுவைக்கிற வீட்டுக்கு அது உரிமை, சலுகையல்ல.

விடுபட்ட செய்முறையை நானே எங்கள் தெருப் படிப்பகத்தில் சாயங்காலம் நடத்துகிறேன். தரையில் பதினோரு பிள்ளைகள். "கம்மல் போனாப் போட்டும், பிள்ளையளுக்கு நல்லாச் சொல்லிக்குடு" என்கிறாள் அம்மை.

விசா வந்தால் போவேன். அதுக்கு முன்னால் என் இடத்தில் நிற்க ஒருத்தரைத் தயார் செய்துவிட்டுத்தான் போவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.