பிஸ்டன் மீது பழி போடலாமா? பழைய 'ஆர்.டி.' வண்டிகளுக்கு நடக்கும் தப்பு வைத்தியம்!

ஐப்பசி மழை பிடித்தால் போதும், கோவையில் ஒரு வேலை சூடு பிடித்துவிடும். கணபதி, ஆவாரம்பாளையம், சிங்காநல்லூர் பக்கம் வீட்டு வாசல்களிலும் கார் ஷெட்டுகளிலும் பழைய மோட்டார் சைக்கிள்கள் எலும்புக்கூடாக நிற்கும். தார்ப்பாய் விரித்து, பெயிண்ட் டப்பாக்களில் போல்ட்டு, நட்டுகளைப் பிரித்துப் போட்டிருப்பார்கள்.

"மழைக்கு எப்படியும் ஓட்டப்போறதில்லைங்க. தைப்பூசத்துக்குள்ள கட்டிரலாம்." எங்கே கேட்டாலும் இதுதான் பேச்சு.

ஆசை நல்ல ஆசைதான். வண்டியும் அப்படிப்பட்ட வண்டி. 1983-ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி, ஜப்பான் யமஹாவின் ஆர்.டி.350 வண்டியை 'ராஜ்தூத் 350' என்ற பெயரில் இந்தியாவிலேயே செய்து விற்றது. இரண்டு சிலிண்டர், 347 சி.சி., 6 கியர். முதலில் வந்த வண்டிகளில் 30 குதிரைச் சக்தி! லூனாவும் ஸ்கூட்டரும் ஊர்ந்துகொண்டிருந்த ரோட்டில் அது சீறிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் மறக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு அதை வாங்க ஆளில்லை. "பெட்ரோலைக் குடிக்கிறது" என்று ஒதுக்கினார்கள். 1990 வாக்கில் அந்த வண்டி வருவது நின்றுபோனது. அதன் தம்பி மாதிரி 1985-ல் வந்த ஆர்.எக்ஸ்.100 மட்டும் சக்கைப் போடு போட்டது. அதுவும் 1996-ல் நின்றது. அன்று சீந்துவார் இல்லாமல் கிடந்த ஆர்.டி.க்கு இன்று லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள்.

இவ்வளவு கொடுத்து வாங்கி, மழைக்காலம் முழுக்க மெனக்கெட்டுக் கட்டுகிறார்களே, அந்த வண்டிகள் என்ன ஆகின்றன? அங்கேதான் கோளாறு.

புதிதாகக் கட்டிய வண்டி ஜோராகக் கிளம்பும். இருநூறு, முந்நூறு கிலோ மீட்டர் ஓடும். ஒரு நாள் பைபாஸ் ரோட்டில் முறுக்கிப் போகும்போது 'கிரீச்' என்று ஒரு சத்தம். எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பின் சக்கரம் சுற்றாது. அப்படியே இழுத்துக்கொண்டு போகும். கிளச்சைப் பிடிக்க அரை வினாடி தாமதித்தால் ஆள் ரோட்டில். பின்னால் லாரி வந்தால் என்ன ஆகும்?

தப்பித்தவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வருவார். எஞ்சினைத் திறந்து பார்த்தால் பிஸ்டன் உரசி, கோடு கோடாகக் கிழிந்திருக்கும்.

"பிஸ்டன் சரியில்லைங்கண்ணா. போர் போட்டு அடுத்த சைஸ் போட்டுரலாமுங்க."

சரி என்று தலையாட்டுவார் வண்டிக்காரர். கால் மில்லி மீட்டர் சிலிண்டரைக் கடைந்து, பெரிய பிஸ்டன் போடுவார்கள். வண்டி மறுபடி கிளம்பும். மறுபடி பிடித்துக்கொள்ளும்! மறுபடி கால் மில்லி. இப்படி நாலு தடவை கடைந்தால் ஒரு மில்லி மீட்டர் போயிற்று. சிலிண்டரின் ஆயுளும் முடிந்தது. அப்போதும் கலங்க மாட்டார்கள். "கோயம்புத்தூருங்க இது. ஸ்லீவ் அடிச்சுக் கொடுத்துருவாங்க" என்பார்கள். அடித்துத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் நோய் அப்படியே இருக்கிறதே!

குற்றவாளி யார்?

இந்த எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் நேராக மேலே போவதில்லை. முதலில் கீழே கிராங்க் இருக்கும் அறைக்குள் வந்து, அங்கிருந்துதான் சிலிண்டருக்கு ஏறுகிறது. அதனால் அந்த அறையில் ஊசி முனை அளவுக்கும் ஓட்டை இருக்கக் கூடாது. கிராங்கின் இரண்டு முனையிலும் ரப்பர் வளையம் போட்டு அடைத்திருப்பார்கள். அதுதான் ஆயில் சீல்.

நாற்பது வருஷத்து ரப்பர் எப்படி இருக்கும்? காய்ந்து, விறைத்து, அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். அந்த இடுக்கு வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே புகும். காற்று மிஞ்சிப் பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் கொதிக்கும். அலுமினியப் பிஸ்டன் சூட்டில் உப்பும். இரும்புச் சிலிண்டர் அந்த அளவுக்கு விரியாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியோ ஒரு மில்லி மீட்டரில் நூறில் நாலைந்து பங்குதான். பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

பிஸ்டன் குற்றவாளி அல்ல. அடிபட்டவன்! அடிபட்டவனைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, திருடனை வீட்டுக்குள்ளேயே விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள்.

சீல் போனதற்கு அடையாளம் இல்லாமல் இல்லை. இடது பக்கச் சீல் போனால் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் இரைந்துகொண்டே நிற்கும். பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். வலது பக்கம், கிளச்சுப் பக்கத்துச் சீல் போனால் வேறு கதை. கியர் பெட்டி எண்ணெயை எஞ்சின் உறிஞ்சிக் குடிக்கும். சைலன்சரில் வெள்ளைப் புகை மண்டும், கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே வரும். "டூ ஸ்ட்ரோக்குன்னா புகை வரத்தானுங்க செய்யும்" என்று அதையும் விட்டுவிடுகிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் ஒன்றும் வேண்டாம். கார்புரேட்டர் வழியையும் சைலன்சர் வழியையும் ரப்பர் வைத்து இறுக்கி அடைக்க வேண்டும். டாக்டர் கையில் இருக்கும் பி.பி. பம்ப் போதும். முள் 300-ல் நிற்கும்படி காற்றடித்தால் அது ஏறக்குறைய ஆறு பவுண்டு. ஆறு நிமிஷம் முள் இறங்காமல் நின்றால் எஞ்சின் கெட்டி. இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள், முட்டை விடும் இடத்தில் ஓட்டை. சைக்கிள் பஞ்சர் பார்க்கிற அதே வித்தைதான்!

சீல்தான் எப்போதும் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. கழற்றிய பிஸ்டனைத் தூக்கிக் காயலான் கடைக்குப் போடுகிறார்களே, அதுதான் அநியாயம். பிரேதப் பரிசோதனை செய்யாமல் பிணத்தைப் புதைக்கலாமா? பிஸ்டனில் நாலு மூலையிலும் உரசியிருந்தால் இடைவெளி போதவில்லை, அல்லது குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியவுடனே முறுக்கியிருக்கிறார்கள். மார்கழிக் காலையில் நடப்பது இது. சைலன்சர் பக்கம் மட்டும் என்றால் சூடு. காற்று வரும் பக்கம் சொரசொரப்பு என்றால் பில்டர் வழியாகத் தூசி நுழைந்திருக்கிறது, இல்லாவிட்டால் எண்ணெய் போதவில்லை. தலையில் ஓட்டையே விழுந்திருந்தால் டைமிங்கைப் பார்க்க வேண்டும். ஆர்.டி.யில் இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிப் பாயிண்ட். ஒன்றைச் சரியாக வைத்து, இன்னொன்றைக் கண்ணளவில் வைத்தால் ஒரு பிஸ்டன் மட்டும் அடிக்கடி போகும். இதற்கு டையல் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

"பார்த்ததுக்கெல்லாம் காசா?"

இவ்வளவும் தெரிந்த மெக்கானிக்குகள் கோவையில் இல்லையா? இருக்கிறார்கள். நன்றாகவே இருக்கிறார்கள். பிறகு ஏன் செய்வதில்லை?

வண்டிக்காரர் காசு தருவதில்லை, அதனால்தான்.

பிஸ்டன் போட்டால் பில் போடலாம். போர் போட்டால் பில் போடலாம். அரை நாள் உட்கார்ந்து காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவி, "உங்க இடது சீல் போச்சுங்க" என்று கண்டுபிடித்துச் சொன்னால், "பார்த்ததுக்கெல்லாம் காசாங்க?" என்று கேட்கிறார்கள். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தால் பீஸ் கொடுக்கிறார்கள். ஜோசியர் கட்டத்தைப் பார்த்தால் தட்சிணை வைக்கிறார்கள். மெக்கானிக் பார்த்தால் மட்டும் இனாமா? இப்படி இருந்தால் எந்தப் பட்டறைக்காரர் மூளையைச் செலவழிப்பார்? சாமானை மாற்றுவார், காசை வாங்குவார், அனுப்பிவிடுவார்.

மெக்கானிக்கைத் திட்டுகிறவர்கள் பழியில் முக்கால் பங்கைத் தாங்களே எடுத்துக்கொள்ள வேண்டும்.

லேத்துக்காரர்களும் கொஞ்சம் கவனிக்க வேண்டியது உண்டு. பம்புசெட்டுக்கும் மில் சாமானுக்கும் பேர் போன ஊர் இது. இங்கே கடைய முடியாத இரும்பு இல்லை என்பது உண்மைதான். ஆனால் டூ ஸ்ட்ரோக் சிலிண்டர் பம்பு சிலிண்டர் அல்ல. அதன் சுவரில் ஜன்னல் ஜன்னலாக ஓட்டைகள் இருக்கும். கடைந்த பிறகு அந்த ஜன்னல்களின் ஓரத்தை மழுக்காமல் கொடுத்தால், பிஸ்டன் ரிங் அதில் மாட்டி ஒடியும். பத்து நிமிஷ வேலை. "அதச் செய்யச் சொல்லலீங்களே" என்றால் நியாயமா?

இதெல்லாம் நடப்பது எந்த ஊரில் என்று நினைத்தால்தான் வருத்தம். கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி.நாயுடு, சின்ன வயதில் வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்துச் சொக்கிப் போனார். கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை செய்து, காசு சேர்த்து, அந்த 'ரட்ஜ்' வண்டியை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. அக்கக்காகப் பிரித்துப் போட்டார். எது எதற்கு என்று பார்த்து மறுபடி பூட்டினார். அந்தப் படிப்புதான் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட வைத்தது. பின்னால் 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின் மோட்டார் செய்ய வைத்தது. பிரித்ததால் வந்த பெருமை அல்ல அது. ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்று கண்டுபிடித்ததால் வந்த பெருமை. கார் பந்தய வீரர் கரிவர்தன் பெயரில் செட்டிபாளையத்தில் 2003 முதல் பந்தய மைதானமே வைத்திருக்கும் ஊரில், பி.பி. பம்பு வைத்துச் சீலைச் சோதிக்க ஆளைத் தேட வேண்டியிருக்கிறது என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? ஐ.டி.ஐ.க்களில் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினை வைத்து இந்தச் சோதனையைப் பையன்களுக்குக் காட்டலாம். செலவு ஒன்றும் பெரிதில்லை.

புதுப் பெட்ரோல், புதுத் தொல்லை

இப்போது இன்னொரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. 2025-லிருந்து நாடு முழுக்கப் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஆர்.டி.யும் ஆர்.எக்ஸும் பிறந்தபோது இப்படி ஒரு பெட்ரோலைக் கண்டதே இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும்; பழைய காலத்து ரப்பரைக் கெடுக்கும். கலவையையும் மெலிய வைக்கும். அதாவது சீல் ஓட்டை செய்கிற அதே வேலை! மழைக்காலம் முழுக்க டாங்கில் பெட்ரோலோடு நிறுத்தி வைத்தால் அடியில் தண்ணீர் சேர்ந்து துருப்பிடிக்கும். நிறுத்தும் முன்பே டாங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுவது நல்லது. சீல் மாற்றும்போது எத்தனாலுக்குத் தாங்குகிற புதுச் சீலாகக் கேட்டு வாங்க வேண்டும். கம்பெனி அட்டைப் பெட்டி மாதிரியே அச்சடித்த போலிச் சாமானும் மார்க்கெட்டில் திரிகிறது. பெட்டியைப் பார்த்து ஏமாறாமல், ரப்பரை விரலால் அழுத்திப் பாருங்கள்.

கட்டி முடித்ததும் எல்லோரும் செய்கிற முதல் காரியம் ஊட்டிக்கு விடுவது. ஏறும்போது ஆபத்து அதிகம் இல்லை. மேலே காற்று மெலிதாவதால் பிளக் கறுத்து வண்டி மக்கர் பண்ணும், அவ்வளவுதான். ஆபத்து இறங்கும்போது! குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவு. ஆக்சிலேட்டரை மூடி, கியரில் பிடித்துக்கொண்டே இறங்குவார்கள். கியரில் இறங்குவது சரிதான். ஆனால் ஆக்சிலேட்டர் மூடியிருந்தால் டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் குறைவு, எண்ணெயும் குறைவு. எஞ்சினோ வேகமாகச் சுற்றுகிறது. நடுவே நடுவே கிளச்சைப் பிடித்து ஒரு தடவை முறுக்கி விட்டால் எண்ணெய் இறங்கும். பழைய ஆட்கள் அப்படித்தான் இறங்கினார்கள். இன்றைக்கு அதைச் சொல்லிக் கொடுப்பவர் குறைவு.

கடைசியாக ஆர்.டி.ஓ. ஆபீஸ் விவகாரம். எஞ்சின் போய்விட்டது என்று உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் வேறு எஞ்சின் வாங்கிப் போடுகிறவர்கள், நம்பர் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை யோசிப்பதில்லை. அது திருட்டு வண்டி எஞ்சினாக இருந்தால் பதில் சொல்லப் போவது யார்? ஆகவே இருக்கிற எஞ்சினைக் காப்பாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 'விண்டேஜ்' பதிவு என்று 2021-ல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. 1983 வண்டிக்கு 50 வயது ஆவது 2033-ல்தான். அதுவரை அது சாதாரணப் பழைய வண்டி. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்திப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆன அந்தக் கட்டணம், 20 வயது தாண்டிய மோட்டார் சைக்கிள்களுக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாய் ஆகிவிட்டது. பசுமை வரி தனி.

அதை முகம் சுளிக்காமல் வரிசையில் நின்று கட்டுகிறார்கள். அதே ஆளிடம் பட்டறையில், "சீல் டெஸ்ட் பண்ணிரலாமுங்களா, ஐந்நூறு ஆகும்" என்று கேட்டால், "அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்க" என்று வண்டியை எடுத்துக்கொண்டு பைபாஸ் பக்கம் கிளம்பிவிடுகிறார்!