நடப்பவருக்காக வார்டுக்கு இருவர்

தேசிய நெடுஞ்சாலை 744 திருமங்கலத்தில் புறப்பட்டு, ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை வழியே கொல்லம் போகிறது. கேரளத்துக்குச் சரக்கு லாரிகளும், கார்த்திகை பிறந்தால் சபரிமலை வண்டிகளும் இந்தச் சாலையில்தான் ஓடுகின்றன. ஒரு காலத்தில் சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்த சிவகிரி, இன்று தென்காசி மாவட்டத்தில் தானே ஒரு தாலுகாவின் தலைமையிடம். பேரூராட்சி அளவிலான ஊர். கடைவீதியோ தாலுகா அலுவலகமோ நடந்து எட்டாத தூரத்தில் இல்லை. ஆனால், நெடுஞ்சாலை நடுவே போகும் இத்தகைய ஊர்களில், எட்டும் தூரத்தில் இருப்பதை எட்டுவதுதான் சிரமம்.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், தடையற்ற நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு அக்டோபரில், நடப்பவர் பாதுகாப்புக்கான விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. நடைபாதையில் தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும், ஓர விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவே குறித்துக் கொடுத்திருக்கிறது. ஆனால், நடைபாதைகளை ஆய்வு செய்யச் சொன்னபோது நீதிமன்றம் குறிப்பிட்ட நகரங்கள் ஐம்பது; எல்லாம் பெருநகரங்கள். பேரூராட்சிகள் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே சிவகிரி போன்ற ஊர்களுக்கு உரிமை மட்டும் வந்திருக்கிறது. அதை அளந்து பார்க்க யாரும் வரப்போவதில்லை. அளக்கவும் கேட்கவும் ஊருக்குள்ளேயே ஆட்களைப் பழக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு ஏன் பயிற்சி? ஒரே தெருவில் தார்ச்சாலை ஒரு துறையுடையது, வாறுகால் பேரூராட்சியுடையது, கம்பம் மின்வாரியத்துடையது, தாறுமாறாக நிற்கும் வண்டிகளுக்குக் காவல்துறைதான் பொறுப்பு. “எங்கள் பகுதிக்குச் சாலை வசதி செய்து தருக” என்று எழுதும் மனு இத்தனை பேரையும் கேட்கிறது, எவரையும் கட்டுப்படுத்துவதில்லை. “பள்ளி வாசலுக்கு வடக்கே வாறுகாலில் மூன்று மூடிகள் இல்லை, பிள்ளைகள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள், படம் இணைத்துள்ளேன்” என்று செயல் அலுவலருக்குப் போகும் மனுவைத் தள்ளிப்போடுவது கடினம். இந்த இரண்டாவது மனுவை எழுதக் கற்பிப்பதுதான் பயிற்சி.

அமெரிக்காவில் ‘அமெரிக்கா வாக்ஸ்’ என்ற அமைப்பு ‘வாக்கிங் காலேஜ்’ என்ற பெயரில் இதைச் செய்கிறது. பல ஊர்களின் குடிமக்களைத் தேர்ந்து சில மாதங்கள் பயிற்றுகிறது. ஒவ்வொருவரும் தம் ஊருக்கான செயல்திட்டம் ஒன்றைத் தயாரிக்கிறார்கள். நமக்கு இது புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் உள்ளூர்த் தொண்டர்களைக் கொண்டே எழுத்தறிவைக் கொண்டுசென்றது. கிராமத்துப் பெண்களைச் சைக்கிளும் ஓட்ட வைத்தது. பயிற்சி பெற்றவர் பக்கத்து வீட்டுக்காரராக இருந்ததே அதன் பலம்.

சிவகிரியில் வார்டுக்கு இருவர் போதும். ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். மகளிர் குழுவிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களிலும் ஆள் கிடைப்பார்கள். பள்ளி விடும் நேரத்தில் ஒரு முதியவரையும் ஒரு மாற்றுத்திறனாளியையும் உடன் அழைத்துக்கொண்டு தெருவை நடந்து அளக்க வேண்டும். எந்தச் சாலை யாருடையது என்ற பட்டியல் வேண்டும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான் என்ற கட்டுப்பாடு வேண்டும். 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புற உள்ளாட்சிகளில் கூடத் தொடங்கிய பகுதி சபைகள், திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டம், ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழு ஆகியவை இருக்கும் வாசல்கள். எந்தக் கோரிக்கைக்கு எந்த வாசல் என்று தெரிவதே பாதி வேலை.

“நடைபாதை என்றால் பூக்காரம்மாவை விரட்டுவதுதானே?” என்ற அச்சம் நியாயமானது, பல ஊர்களில் அப்படித்தான் நடந்திருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். இதையும் பயிற்சியில் சேர்த்தால், வியாபாரிகளோடு உட்கார்ந்து இடத்தைப் பங்கிடலாம். கடைவீதிக்கு வாடிக்கையாளர் பெரும்பாலும் நடந்துதானே வருகிறார்கள்!

பயிற்சியால் எல்லாம் ஆகிவிடாது. புறவழிச்சாலை போன்ற பெரிய முடிவுகள் டெல்லியில் எடுக்கப்படுபவை. ஆனால், ஒரு வாறுகால் மூடிக்கும், ஒரு தெருவிளக்குக்கும், பள்ளி முன்னால் ஒரு கடவைக்கும் டெல்லி வரை போக வேண்டியதில்லை.

2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதையை அரசு தொடங்கியது. உடல்நலத்துக்காக நடப்பவருக்குப் பாதை குறித்த அரசு, பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் நடப்பவரையும் கணக்கில் எடுக்க வேண்டும். தென்காசி மாவட்ட நிர்வாகம் ஒரு பேரூராட்சியில் இந்தப் பயிற்சியைச் சோதித்துப் பார்க்கலாம். செலவு, இரண்டு நாள் வகுப்பும் வார்டுக்கு ஓர் அளவுநாடாவும். அடுத்த பகுதி சபையில் அந்த அளவுகளைப் படித்து, அவற்றைத் தீர்மானத்தில் ஏற்றச் செய்தால், பட்டியலில் இல்லாத ஊரும் தன் நடைபாதையைக் கேட்டு வாங்க முடியும்.