திறந்திருக்கும் கடைக்கு இரங்கல் போஸ்டர் ஒட்டியது யார்?



கரிசல் பக்கத்து ஊர் ஒன்றில் உறுப்பினர் சேர்ப்பு முகாம். மதியம் டீ குடிக்க ஒதுங்கினோம். பக்கத்தில் ஒரு மிட்டாய்க் கடை. முப்பது வருஷத்துக்கு மேலாக நடத்தும் அண்ணாச்சி எங்களைக் கூப்பிட்டு, தன் போனை நீட்டினார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க. மெட்ராஸ்ல இருந்து காரில் வந்த குடும்பம் ஒண்ணு சொல்லிட்டுப் போச்சு. நம்ம கடையைத் தேடினா 'நிரந்தரமாக மூடப்பட்டது'ன்னு வருதாம். நான் இங்க கடையைத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்!"

பார்த்தோம். உண்மைதான். சில வருஷங்களுக்கு முன்னால் ஒருவர் வந்து, "உங்க கடையை ஆன்லைன்ல ஏத்தித் தர்றேன்" என்று காசு வாங்கியிருக்கிறார். பக்கத்தைத் தன்னுடைய மெயிலில் தொடங்கியிருக்கிறார். அப்புறம் அண்ணாச்சி கடையைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றினார். பழைய இடத்தில் பூட்டைப் பார்த்த யாரோ "மூடப்பட்டது" என்று தெரிவித்துவிட்டார்கள். திருத்தலாம் என்றால், காசு வாங்கியவரின் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை.

உயிரோடு இருக்கிற கடைக்கு இரங்கல் போஸ்டர் ஒட்டிய மாதிரி இருந்தது. அந்த போஸ்டரைக் கிழிக்கும் உரிமை கடைக்காரருக்கே இல்லை. எத்தனை பேர் இதைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்களோ, யாருக்குத் தெரியும்?

இது ஒரு அண்ணாச்சியின் கதை மட்டும் இல்லை. சிறு வணிகத்தை "டிஜிட்டல்" ஆக்குகிறோம் என்று பத்து வருஷமாக மேடைதோறும் பேசுகிறார்கள். ஆனால் ஒரு சின்னக் கேள்வியை யாரும் கேட்பதில்லை: கடையின் சாவி முதலாளி இடுப்பில் இருக்கிறது, அவருடைய இணையப் பக்கத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?

இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்குக் காசு?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்கக் கட்டணம் கிடையாது. கடையின் முகப்பு, பெயர்ப் பலகை, உள்பக்கம் இவற்றை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள்; சில சமயம் போனிலோ மெயிலிலோ சரிபார்ப்பார்கள். அவ்வளவுதான். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் பொருள், படம், விலை போட்டு வைப்பதும் இலவசம். 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் பதிவுக்கும் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. ஆனால் அரசுத் தளம் மாதிரியே தோற்றம் காட்டி, அதற்கும் காசு பிடுங்கும் போலித் தளங்கள் இருக்கின்றன.

உழைப்புக்குக் கூலி வாங்குவது தப்பில்லை. நல்ல படம் எடுத்து, விவரம் எழுதி, ஒழுங்காகப் பராமரித்துக் கொடுக்கும் இளைஞர்களுக்கு உரிய காசு கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பக்கம் கடைக்காரர் மெயிலில், கடைக்காரர் நம்பரில் இருக்க வேண்டும். வேலை செய்பவர் கூடுதல் நிர்வாகியாக மட்டும் சேர வேண்டும். வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் பேரில் யாராவது பத்திரம் பதிவார்களா?

வாடகை நிலத்தில் கட்டிய வீடு

2020 ஜூன் 29 நினைவிருக்கிறதா? டிக்டாக் உள்பட 59 செயலிகளை ஒன்றிய அரசு தடை செய்தது. அந்தத் தடை சரியா தப்பா என்பது வேறு விவாதம். அங்கே வீடியோ போட்டுப் புடவை விற்றவர்கள், பலகாரம் விற்றவர்கள் வருஷக்கணக்கில் சேர்த்த வாடிக்கையாளர்களை ஒரே ராத்திரியில் இழந்தார்கள். அவர்களிடம் ஒரு போன் நம்பர் பட்டியல்கூட இல்லை.

இன்னொன்று. கூகுள் தன் பிசினஸ் பக்கத்தோடு சின்னதாக ஒரு வெப்சைட்டும் இலவசமாகக் கொடுத்து வந்தது. 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டது. அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் பையிலும் அச்சடித்தவர்கள் என்ன செய்வார்கள்?

இந்தத் தளங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட்டம் அங்கேதான் இருக்கிறது, கடையும் அங்கே இருக்கத்தான் வேண்டும். ஆனால் அது சந்தையில் போட்ட தற்காலிகப் பந்தல். முடிந்தவர்கள் சொந்தப் பெயரில் ஒரு இணைய முகவரி வாங்கி வையுங்கள். தமிழிலேயே '.இந்தியா' என்று முடியும் முகவரிகூட உண்டு. வாடிக்கையாளரிடம் சம்மதம் கேட்டு அவர்கள் நம்பரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டை எந்தக் கம்பெனியும் பிடுங்க முடியாது.

பேர் ஊருக்கு, லாபம் யாருக்கு?

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் கிடைத்தது. மணப்பாறை முறுக்கும் உடன்குடி கருப்பட்டியும் 2023-ல் அந்த வரிசையில் சேர்ந்தன. பெருமையாக இருந்தது, பட்டாசு வெடித்தோம்.

இப்போது உங்கள் போனை எடுத்து இந்தப் பெயர்களில் ஒன்றைத் தேடிப் பாருங்கள். முதலில் வருவது பெரும்பாலும் பெரிய விற்பனைத் தளங்களும் காசு கட்டிய விளம்பரங்களும்தான். அந்த ஊரில் அடுப்பு முன்னால் நின்று பாகு காய்ச்சுகிறவரின் கடை எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது?

புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. உண்மையான உற்பத்தியாளர் அதில் தனித்தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். அந்தப் பட்டியலை எடுத்து ஊர், கடைப் பெயர், போன் நம்பர், வரைபடத்தில் இடம் எல்லாம் போட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடினால் கிடைக்கிற மாதிரி மாநில அரசு ஒரு பக்கம் நடத்த வேண்டும். ஊருக்குக் கிடைத்த பெருமை பாகு காய்ச்சுகிறவர் கல்லாவுக்குப் போய்ச் சேர இதுதான் வழி.

"ஆன்லைன்ல வந்தா நோட்டீஸ் வரும்"

கடைக்காரர்களிடம் பேசினால் இந்தப் பயத்தை அடிக்கடி கேட்கலாம். பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. 2025 ஜூலையில் கர்நாடகாவில் யு.பி.ஐ. வரவைக் கணக்கெடுத்துச் சிறு வணிகர்களுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் போனது. பெங்களூரில் பல கடைகளில் "யு.பி.ஐ. கிடையாது, பணம் மட்டும்" என்று அட்டை தொங்கியது. டிஜிட்டலுக்கு வா என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டு, வந்தவனைப் பயமுறுத்தினால் அடுத்தவன் எப்படி வருவான்?

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்வோம். தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. சேவைக்கு 20 லட்சம். இந்த வரம்புக்குள் இருப்பவர்கள் ஆன்லைன் தளம் வழியாக மாநிலத்துக்குள்ளேயே பொருள் விற்கவும் 2023 அக்டோபர் 1 முதல் வழி திறந்திருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. தளத்தில் பான் எண் கொடுத்து ஒரு பதிவு எண் வாங்கினால் போதும். இந்த விஷயம் எத்தனை கடைக்காரருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது?

ஆனால் எல்லையைத் தாண்டினால் கதை மாறுகிறது. ஓசூரில் வீட்டிலேயே இனிப்பு செய்கிற ஒரு அக்கா, 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சென்னைக்கு ஆன்லைனில் அனுப்பலாம். ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும் என்றால், ஒரே ஒரு பார்சலாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு, மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கணக்கு, ஆடிட்டர் செலவு. கைவினைப் பொருள்களுக்கு இதில் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அதே விலக்கைச் சிறு உணவுப் பொருள் தயாரிப்பாளருக்கும் ஏன் கொடுக்கக் கூடாது? "ஒரே நாடு ஒரே சந்தை" என்று சொல்கிறவர்கள் ஓசூர் அக்காவுக்கு மட்டும் நடுவில் ஏன் சுவர் வைக்கிறார்கள்?

செயலி மட்டும் போதாது, ஆள் வேண்டும்

ஓ.என்.டி.சி. என்ற திறந்த வணிக வலையமைப்பை 2022 ஏப்ரலில் ஐந்து நகரங்களில் சோதனையாகத் தொடங்கினார்கள். அதில் ஒன்று நம்ம கோயம்புத்தூர். ஒரு கம்பெனியின் பிடியில் சந்தை போய்விடக் கூடாது என்ற அந்த நோக்கம் நல்ல நோக்கம்தான். ஆனால் காலை ஆறு மணிக்குக் கடை திறந்து ராத்திரி பத்து மணிக்குச் சாத்துகிறவர் எப்போது உட்கார்ந்து ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்து, எடை போட்டு, விலை ஏற்றுவார்? அவருக்குத் தேவை இன்னொரு செயலி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பாஷையில், அவர் போனிலேயே செய்து காட்டுகிற ஒரு ஆள்.

எல்லாக் கடையும் ஆன்லைனில் விற்றாக வேண்டும் என்றும் இல்லை. டீக்கடைக்கும் சலூனுக்கும் சரியான இடம், திறக்கும் நேரம், போன் நம்பர் இருந்தாலே போதும். பலகாரம், கைத்தறி, பாய், பொம்மை என்று பார்சல் அனுப்பக் கூடியவர்களுக்குத்தான் அடுத்த கட்டம். யாருக்கு எது வேண்டும் என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே பயிற்சி முகாம் நடத்தி, சான்றிதழும் சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்து அனுப்பினால் ஒன்றும் ஆகாது.

எங்கள் கோரிக்கைகள்

1. எல்லா மாவட்டத் தொழில் மையங்களிலும் சிறு வணிகர்களுக்கான இணைய உதவி மேசை வேண்டும். கடைக்கு நேரில் போகும் ஊழியர்கள் வேண்டும்.
2. இ-சேவை மையங்களில் கூகுள் மேப், வாட்ஸ்அப் பிசினஸ், உத்யம் பதிவு ஆகியவற்றுக்கு இலவச உதவி. கணக்கு கடைக்காரர் பெயரில்தான் தொடங்க வேண்டும் என்ற விதியோடு.
3. புவிசார் குறியீடு பெற்ற பொருள்களின் உண்மையான உற்பத்தியாளர் பட்டியல், வரைபடத்தோடு.
4. மாநிலம் தாண்டி விற்கும் சிறு உணவுப் பொருள் தயாரிப்பாளருக்கும் 40 லட்சம் ரூபாய் வரம்பு. இதை ஜி.எஸ்.டி. கவுன்சிலில் தமிழ்நாடு வலியுறுத்த வேண்டும்.
5. கடைப் பக்கம் தவறாக முடக்கப்பட்டால், பறிக்கப்பட்டால், தமிழில் பேசிப் புகார் செய்ய ஒரு உதவி எண்.

அதுவரை நாம் சும்மா இருப்பதா?

இல்லை. நம் வணிகர் அணியும் இளைஞர் அணியும் சேர்ந்து இந்த வேலையைத் தொடங்குகிறோம். ஒரு தோழர், ஒரு தெரு, பத்துக் கடை. களத்தில் இறங்கும் தோழர்களுக்குச் சில கண்டிப்பான வார்த்தைகள்:

கடைக்காரர் போனில், அவர் கையால் செய்ய வையுங்கள். பாஸ்வேர்டை அவர் மட்டும் வைத்திருக்கட்டும், நீங்கள் குறித்துக்கொள்ளாதீர்கள். ஓ.டி.பி. யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பொய்யான ஐந்து நட்சத்திர விமர்சனம் எழுதிக் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளரை ஏமாற்றும் வியாபாரம் நமக்கு வேண்டாம்.

முக்கியமாக, கடைப் பக்கத்தில் கட்சிக் கொடி வேண்டாம், தலைவர் படமும் வேண்டாம். அவர் நம்பரைக் கட்சி வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கவும் கூடாது. எல்லாக் கட்சிக்காரரும் வந்து பொருள் வாங்குகிற இடம் அது. நம்மால் அவருக்கு ஒரு வாடிக்கையாளர்கூடக் குறையக் கூடாது.

அண்ணாச்சி கடை என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். பக்கத்தின் உரிமையைக் கோரி அவர் மெயிலில் இருந்தே விண்ணப்பித்தோம். பழைய ஆளிடம் இருந்து பதில் இல்லை. கடையை வீடியோ எடுத்து அனுப்பினோம். சில நாளில் பக்கம் அவர் கைக்கு வந்தது. இப்போது தேடினால் 'திறந்திருக்கிறது' என்று வருகிறது, புதுத் தெருவின் பேரோடு. ஒரு போன், கொஞ்சம் பொறுமை. செலவு அவ்வளவுதான்.

இன்று சாயங்காலம் பால் வாங்கப் போகும்போது உங்கள் தெருக் கடையின் பேரைத் தேடிப் பாருங்கள். தப்பாக இருந்தால் கடைக்காரரிடம் சொல்லுங்கள். அவர் கூடவே பத்து நிமிஷம் உட்காருங்கள்.

கடை நம்முடையது. அதன் பேரும் நம்முடையது. சாவியும் நம்மிடமே இருக்கட்டும்.

#சாவி_நம்_கையில்
#ஒரு_தோழர்_ஒரு_தெரு_பத்துக்கடை