கோகிலா மோதிக்கு ஒரு வக்காலத்து

'சாத் நிபானா சாத்தியா' தொடரைக் கேலி செய்கிறவர்கள் எல்லாரும் மேட்டுக்குடித் திமிர் பிடித்தவர்கள் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரையாளர் நீட்டி முழக்கியிருந்தார். தொடரின் மாமியார் கோகிலா மோதி கண்டிப்பானவள், ஆனால் நியாயஸ்தி. போக்கிடமில்லாத மருமகள் கோபியை ஆளாக்குகிறாள். ராஜ்கோட்டின் அந்தப் பெரிய வீட்டை ஆள்வதே பெண்கள்தான். சீரியல் பெண்களுக்கு விடுதலை தந்ததைப் பொருளாதார நிபுணர்களே நிரூபித்துவிட்டார்கள். இவ்வளவுதான் அவர் வாதம். ஸ்டார் பிளஸ்ஸில் 2010 முதல் 2017 வரை ஓடிய தொடர் இது. இதில் எத்தனை எபிசோடை அவர் பொறுமையாகப் பார்த்தாரோ!

திமிரிலிருந்தே ஆரம்பிப்போம். கோபி தன் புருஷனின் லேப்டாப்பை சோப்புப் போட்டுத் தேய்த்து, தண்ணீரில் அலசி, கொடியில் காயப்போடுகிறாள். படிக்காத பெண் இப்படித்தான் இருப்பாள் என்று முடிவு செய்தது யார்? சிரித்த ரசிகனா, எழுதிக் கொடுத்த ஆளா? பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காத பெண்கள் மிக்சியைத் துடைக்குமுன் பிளக்கைப் பிடுங்குகிறார்கள். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று பேரப்பிள்ளைகளை அதட்டுகிறார்கள். படிப்பில்லை என்பதை மூளையில்லை என்று மாற்றி எழுதியவர்களை விட்டுவிட்டு, பார்த்துச் சிரித்தவன்மேல் பாய்கிறார் நம் கட்டுரையாளர்.

சரி, பெண்களின் ராஜ்ஜியத்துக்கு வருவோம். 2020 ஆகஸ்டில் இசைக் கலைஞர் யஷ்ராஜ் முகாத்தே பாட்டாக மாற்றி நாடெங்கும் பரவிய அந்தக் காட்சியையே எடுத்துக்கொள்ளலாம். கோகிலா விசாரணை நடத்துகிறாள். சமையலறையில் இருந்தது யார்? நானா? நீயா? கடைசியில் குற்றவாளி பிடிபடுகிறாள்: அந்த வீட்டின் இன்னொரு மருமகள் ராஷி. குக்கரில் இருந்த கொண்டைக்கடலையை எடுத்துவிட்டு வெறும் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டாளாம். கொலைக் குற்றத்துக்குரிய இசை இந்தக் கொண்டைக்கடலைக்கு. அந்த விசாரணையில் சந்தேக வளையத்துக்குள் வந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். குக்கரைத் தொட்டது வீட்டு ஆண்களில் ஒருவராக இருக்கலாம் என்று கோகிலாவுக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிடம். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். அந்த 97 நிமிட ஆண்கூட அந்தச் சமையலறை வாசலில் தென்படவில்லை. அடுப்படிக்குள் முடிந்துபோகிற அதிகாரத்துக்கு ராஜ்ஜியம் என்று பட்டம் வேறு!

நியாயஸ்தி என்ற நற்சான்றும் அப்படித்தான். மாமியார் மனம் குளிர்ந்தால் கோபிக்கு வாழ்வு, முகம் சுளித்தால் கண்ணீர். ஒரு பெண்ணின் கதி இன்னொருத்தியின் மனநிலையைப் பொறுத்திருப்பதுதான் நியாயமா? கோகிலா நிரந்தரமாகச் சாந்தமாகிவிட்டால் தொடரை ஏழு வருஷம் இழுக்க முடியாது. அதனால் சில வாரங்களுக்கு ஒரு தடவை யாராவது அவளைக் கொதிக்க வைக்க வேண்டியிருக்கிறது. இதெல்லாம் வெறும் நாடகம், நிஜத்தில் கொடுமையே கிடையாது என்று அவர் சொல்வாரானால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையைப் புரட்டட்டும்: பெண்களுக்கெதிரான குற்ற வழக்குகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, கணவரோ அவர் உறவினரோ செய்த கொடுமை என்ற தலைப்பின் கீழ் வருகிறது.

கடைசியாக அந்த 'நிரூபணம்'. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வைத்தான் அவர் துணைக்கு அழைக்கிறார் போலும். நல்ல ஆய்வு, தமிழ்நாட்டுக் கிராமங்களும் அதில் உண்டு. கேபிள் வந்த ஊர்களில், மனைவியை அடிப்பது சரி என்று நினைப்பதும் ஆண்பிள்ளைதான் வேண்டும் என்பதும் குறைந்ததாகச் சொல்கிறது. ஆனால் அதற்கான தகவல்கள் 2001 முதல் 2003 வரை திரட்டப்பட்டவை. அவர்கள் அளந்தது ஊருக்குள் கேபிள் வந்ததன் விளைவை. அந்த மாற்றத்துக்கு நகரத்து வாழ்க்கையைத் திரையில் பார்த்தது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். கோகிலா மோதி திரைக்கு வந்ததோ அதற்கு ஏழு வருஷம் கழித்து. வராத மாமியார் முன்கூட்டியே மருமகள்களுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்டாளா?

பதில் எழுத உத்தேசமிருந்தால் கட்டுரையாளர் இன்னொரு முறை ஆய்வுகளைத் தேடி அலைய வேண்டாம். மோதி வீட்டு ஆண் ஒருவர் குக்கரைக் கழுவிக் கவிழ்த்த எபிசோட் எது என்று மட்டும் குறிப்பிட்டால் போதும்.