சத்திரத்தை இடிக்காதீர்கள், எங்களை உள்ளே விடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு பழைய சத்திரம். உயரமான திண்ணை, மரத்தூண்கள், நடுவில் முற்றம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வந்தவர்கள் தங்கிய இடம். பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. இப்போது அதை இடித்துக் கீழே கடைகள், மேலே ஏசி கல்யாண மண்டபம் கட்டலாம் என்று பேச்சு. "பழைய கட்டடம் சார், எதுக்கும் உதவாது" என்றார் ஒருவர். சுருக்கென்றது. அந்தக் கணக்கில் நானும் வருகிறேனே!

மாலையில் நாங்கள் ஆறேழு பேர் சரவணப் பொய்கைப் பக்கம் உட்காருகிறோம். பேச்சு பாதி தமிழ், பாதி தெலுங்கு. மழை வந்தால் டீக்கடை ஓரம். அவசரத்துக்கு ஒதுங்க வீட்டுக்குத்தான் ஓட வேண்டும். அதனாலேயே வயதான பெண்கள் வருவதில்லை. "கோயிலுக்குப் போங்களேன்" என்கிறார்கள். 365 படி ஏற முழங்கால் விடாது. பஸ்ஸில் போய்ச் சாமி கும்பிடலாம். தினமும் அங்கே உட்கார்ந்து பேப்பர் படிக்க முடியுமா?

சத்திரம் யாருக்காக வந்தது? தஞ்சை மன்னர் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். தம் சத்திரங்களில் வழிப்போக்கருக்குச் சோறு மட்டுமல்ல, நோயாளிக்கு மருந்து, அநாதைக் குழந்தைக்குப் பராமரிப்பு என்று விவரிக்கிறார். இயலாதவர்களுக்கான இடத்தில் இயலாதவர்களுக்கே இடமில்லையா?

நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. ராதாகிருஷ்ணன் வாழ்ந்த வீட்டை நூலகமாக்கினார்கள். இன்று அங்கே ஜனங்கள் படிக்கிறார்கள். புழங்கினால்தான் பழைய கட்டடம் நிற்கும்.

2025 பட்ஜெட்டில் முதியோருக்கான 25 'அன்புச்சோலை' பகல்நேர மையங்களை அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் அவை பெரும்பாலும் மாநகராட்சிகளுக்கு. நகராட்சியில் இருப்பவனுக்கு வயதாகாதா?

செய்ய வேண்டியது பெரிய வேலையில்லை. சாய்தளம்: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். மூன்றடித் திண்ணைக்கு முப்பத்தாறு அடி. பக்கத்துச் சந்தில் இடம் தாராளம். கைப்பிடியோடு இரண்டு வெஸ்டர்ன் கழிப்பறை. வழுக்காத தரை. நல்ல வெளிச்சம். ஒன்று மட்டும்: சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசிவிடாதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் உள்ளேயே பிடித்து வைத்துச் சுவரைக் கெடுக்கும்.

வருமானம் வேண்டுமா? நியாயம்தான். தெருப்பக்கத்து அறைகளைக் கடைக்கு விடுங்கள். முற்றத்தை எங்களுக்கு விடுங்கள்.

என்னிடம் படித்த சிலர் இன்று ஊரில் பொறுப்பில் இருக்கிறீர்கள். கேள்விக்குப் பதில் சொல்லாமல் யாரையும் நான் உட்கார விட்டதில்லை. இப்போதும் கேட்கிறேன்: ஓர் இன்ஜினியரைக் கூட்டிவந்து சுவரைத் தட்டிக்கூடப் பார்க்காமல், "உதவாது" என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்.