குற்றம் ஏ.ஐ. மீதா, நம் எழுத்தின் மீதா?



இறுதியாண்டு ப்ராஜெக்ட் வைவாவில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லித்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ப்ராஜெக்ட், சீனியர்கள் எழுதி வைத்த நூலக சாஃப்ட்வேரைத் திருத்தும் ஓர் ஏ.ஐ. ஏஜென்ட். "தாமத அபராதம் ஒரு நாளைக்கு 50 காசு என்பதை 1 ரூபாயாக மாற்று" என்றோம். முடிந்தது என்றது. நாங்களும் நம்பி எக்ஸ்டர்னல் முன்னால் ஓட்டிக் காட்டினோம். 14 நாள் தாமதமான புத்தகம்.

"தம்பி, 14 ரூபா வரணும், 21 காட்டுதே?" என்றார் அவர்.

"ஏ.ஐ. தப்பு பண்ணிடுச்சு சார்!" என்றேன். சிரித்துவிட்டார்.

அன்று இரவு உட்கார்ந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஏஜென்ட் 'ஃபைன்' என்ற சொல்லைச் சிறிய எழுத்தில் தேடியிருக்கிறது. சீனியர்கள் எழுதியதோ 'லேட்ஃபைன்'. அதில் எஃப் பெரிய எழுத்து. எங்கள் தேடும் டூல் அந்த வித்தியாசத்தைப் பார்க்கும். ஒன்றும் கிடைக்கவில்லை. உடனே, "அபராதக் கணக்கே இல்லை போலும்" என்று முடிவுகட்டிப் புதிதாக ஒன்றை எழுதிவிட்டது. பழைய 7 ரூபாயும் புதிய 14 ரூபாயும் சேர்ந்து 21!

அந்த டூலுக்கு நான் எழுதிய விளக்கம் என்ன தெரியுமா? "கோடில் தேடும்." அவ்வளவுதான்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கதைதான் என் கதையும்.

நண்பர்களே, ஏஜென்டுக்குக் கை கிடையாது. நாம் கொடுக்கும் டூல்களை வைத்துத்தான் வேலை செய்கிறது. ஆனால் டூலுக்குள் இருக்கும் கோடை அது பார்ப்பதில்லை. பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு என்ற விவரம் ஆகியவைதான் அதன் கைக்குப் போகின்றன. 2024 நவம்பரில் ஆன்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்.சி.பி. என்ற பொது முறையிலும் இதே ஏற்பாடுதான். ஒர்க்‌ஷாப் டூல் ரூமில் ஹாக்சாவுக்கும் மர ரம்பத்துக்கும் "வெட்டும் கருவி" என்று ஒரே சீட்டு ஒட்டி வைத்தால் முதலாண்டுப் பையன் எதை எடுப்பான்?

"ஏ.ஐ. நாளுக்கு நாள் புத்திசாலி ஆகுதே, அதுவே புரிஞ்சுக்காதா?" என்று கேட்பவர்கள் உண்டு. எழுதாததை எவ்வளவு பெரிய புத்திசாலியும் படிக்க முடியாது. பெரியவர்களே இதில் பாடுபட்டிருக்கிறார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2024-இல் உருவாக்கிய எஸ்.டபிள்யு.இ.-ஏஜென்டில், தேடல் முடிவு 50-ஐத் தாண்டினால் பட்டியலைக் கொட்டாமல், "இன்னும் குறிப்பாகத் தேடு" என்று டூலே திருப்பிச் சொல்லும்படி அமைத்தார்கள். ஆன்த்ரோபிக்கின் ஏஜென்ட் ஃபோல்டர் மாறியதும் ஃபைலின் பாதையைத் தவறாகக் கொடுத்தது. எப்போதும் ரூட்டிலிருந்து முழுப் பாதை தர வேண்டும் என்று டூலையே மாற்றினார்கள், தவறு நின்றது. மாற்றியது டூலைத்தான், ஏ.ஐ.யின் மூளையை அல்ல.

நான் இப்போது எழுதி வைத்திருக்கும் விளக்கம் இது: "ப்ராஜெக்ட் ஃபோல்டரில், கொடுத்த சொல் வரும் வரிகளைத் தேடும். பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காது. ஃபைல் பெயரைத் தேட இதை அழைக்காதே. அதற்கு வேறு டூல் உண்டு. கிட் விலக்கி வைத்த ஃபைல்களைப் பார்க்காது. அதிகபட்சம் 50 வரிகள் தரும். ஒன்றும் கிடைக்காவிட்டால், கோடில் இல்லை என்று முடிவு செய்யாதே. வேறு சொல்லில் தேடு."

சில வரிகள்தான். எதற்கு உதவும், எதற்கு உதவாது, வெறுங்கையோடு திரும்பினால் என்ன செய்வது, எல்லாம் வந்துவிட்டது. (டூலையும் எழுத்து வேறுபாடு பார்க்காதபடி திருத்திவிட்டேன். விளக்கம் ஒன்று, வேலை ஒன்று என்று இருந்தால் அது பொய்ச் சீட்டு!) அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதவும் கூடாது; அத்தனையையும் ஒவ்வொரு முறையும் அது படித்தாக வேண்டும்.

சரியா என்று எப்படிப் பார்ப்பது? மெக்கானிக்கல் படிக்கும் ஒரு ஜூனியரிடம் விளக்கங்களை மட்டும் காட்டி, "இந்த வேலைக்கு எந்த டூலை எடுப்பே?" என்று கேளுங்கள். அவன் தடுமாறினால் ஏஜென்டும் தடுமாறும்.

கடைசியாக ஒன்று. இந்த எழுத்து எங்கே நமக்கு வராமல் போனது? ரெக்கார்டு நோட்டில்! நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை என்று சீனியர் எழுதியதை அப்படியே பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்கினோமே, அங்கேதான். நாளை நம் கோடை நம்மைவிட அதிகமாக ஏஜென்டுகள் படிக்கலாம். நாம் எழுதும் ஒரு வரியை நம்பித்தான் யாரோ ஒருவருடைய அபராதமோ, சம்பளமோ, மருந்துச் சீட்டோ கணக்காகும்.

அடுத்த ரெக்கார்டையாவது சொந்தமாக எழுதுவோம், நண்பர்களே!